என்ஜினோடு போன இஸ்திரிக்கடை

சின்னக்காவின் புருஷன் அன்றைக்கு டீ குடிக்கப் போகாமல் இருந்திருந்தால் அவனும் அரும்பொருள் ஆகியிருப்பான். டீக்கடை வாசலில் நின்று அவன் யாரோடோ ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பழம்பொருள் பாதுகாப்புத் துறையிலிருந்து புகைப்படக்காரர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். அதனால் வரலாற்றில் சின்னக்காவுக்கு இடம் கிடைத்தது. புருஷனுக்குக் கிடைக்கவில்லை.

சின்னக்கா என்பது அவள் பெயர் இல்லை. ஆனால் அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். மூடிப்போன கல்குவாரிக்குப் பக்கத்து மைதானத்தில் அவள் இஸ்திரிக்கடை வைத்திருந்தாள். கடை என்றால் சுவர், கதவு என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு மேசை, கரி போட்டுச் சூடேற்றும் பித்தளை இஸ்திரிப் பெட்டி, தலைக்கு மேலே ஒரு தார்ப்பாய். அவ்வளவுதான். தார்ப்பாயின் ஒரு பக்கம் மூங்கிலில் கட்டியிருந்தது. இன்னொரு பக்கம் ஒரு நீராவி என்ஜினில் கட்டியிருந்தது.

அந்த என்ஜின் ஒரு காலத்தில் குவாரியிலிருந்து கல் இழுத்தது. இரண்டு முழம்கூட அகலம் இல்லாத குட்டித் தண்டவாளத்தில் ஓடியது. குவாரி மூடியதும் தண்டவாளத்தை யார் யாரோ பெயர்த்துக்கொண்டு போனார்கள். என்ஜினைத் தூக்க யாருக்கும் தெம்பு இல்லாததால் அது அங்கேயே நின்றுவிட்டது. புகைபோக்கியில் ஒரு காக்கை கூடு கட்டியிருந்தது. நிலக்கரி கொட்டும் தொட்டியில் சின்னக்கா தன் அடுப்புக்கரி மூட்டையை வைத்திருந்தாள். மழைக்கு அது நனையாது. வெயிலுக்கு என்ஜினின் நிழல் மத்தியானம் வரைக்கும் மேசைமேல் விழும். என்ஜினால் அவளுக்கும், அவளால் என்ஜினுக்கும் ஒரு தொந்தரவும் இல்லாமல் பல வருஷம் ஓடிவிட்டது.

புகைப்படக்காரர் வந்த அன்று அவள் கணக்கு வாத்தியாரின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து முடித்து, காலரைப் பிடித்துத் தூக்கி, மடிப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்புத் துணிக்குள் தலையை விட்ட ஆளைப் பார்த்ததும், நான் ஓரமாகப் போகட்டுமா என்று மரியாதையாகக் கேட்கத்தான் செய்தாள். அவர் துணிக்குள்ளிருந்தே, "அசையாதீங்கம்மா" என்றார். அவள் அசையவில்லை. அந்த ஒரு கீழ்ப்படிதல்தான் அவளை எங்கெங்கோ கொண்டுபோய் விட்டது.

கொஞ்ச மாதம் கழித்து லாரியும் கிரேனும் வந்தன. கூடவே துறையின் குமாஸ்தா ஒருவர், கையில் படத்தோடும், கழுத்தில் மாலை மாதிரி கோத்த தகர வில்லைகளோடும் வந்தார். என்ஜினைத் தலைநகரத்து அருங்காட்சியகத்துக்கு இடம் மாற்றுகிறார்கள் என்று அவர்தான் சொன்னார். தார்ப்பாயை வேறு எங்கே கட்டுவது என்று சின்னக்கா யோசித்தாள். ஆனால் அந்தக் கவலைக்கு அவசியமே இல்லை என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிட்டது.

குமாஸ்தா படத்தைப் பார்த்துப் பார்த்து வில்லை மாட்டினார். புகைபோக்கி ஒன்று. கொதிகலன் இரண்டு. இப்படியே விளக்கு, விசில், சக்கரம் என்று வந்து, காக்கைக்கூட்டுக்கு ஒன்று கட்டினார். காக்கை படம் எடுத்த அன்று வெளியே போயிருந்ததால் அதற்கு வில்லை இல்லை. பிறகு தார்ப்பாய். மேசை. இஸ்திரிப் பெட்டி பதினாறு. வாத்தியாரின் வெள்ளைச் சட்டை பதினேழு. அது இதற்குள் எத்தனையோ தடவை வாத்தியாரிடம் போய், உடுத்தி, அழுக்காகி, மறுபடி வெளுத்து வந்திருந்தது. அடையாளம் தெரிந்ததில் குமாஸ்தாவுக்கு ரொம்ப சந்தோஷம். பதினெட்டாவது வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு சின்னக்காவை ஏற இறங்கப் பார்த்தார்.

"கையை நீட்டுங்கம்மா."

"எதுக்கு சார்?"

"நீங்க பட்டியல்ல இருக்கீங்க. பதினெட்டு."

தான் என்ஜின் இல்லை என்று சின்னக்கா எடுத்துச் சொன்னாள். அதைத் தானும் ஒப்புக்கொள்வதாகவும், என்ஜின் என்பது ஒன்றிலிருந்து பதினெட்டு வரை சேர்ந்தது என்றும் குமாஸ்தா விளக்கினார். படத்தில் எப்படி இருந்ததோ அப்படியே போய்ச் சேர வேண்டும் என்பது விதி. அப்படியானால் நான் ஒதுங்கிக்கொள்கிறேன், இன்னொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். குமாஸ்தா காதைப் பொத்திக்கொள்ளாத குறை. இன்னொரு படம் எடுத்தால் முதல் படம் தப்பு என்று ஆகிவிடும். துறை உண்டான நாளிலிருந்து அதில் தப்பு என்று ஒன்று நடந்ததே இல்லை. இவளுக்காக ஆரம்பிக்க முடியுமா?

"என்னைப் பிடிச்சுக்கிட்டுப் போறீங்களா சார்?"

"சேச்சே. பாதுகாக்கறோம்மா."

இந்த நேரம் பார்த்துப் புருஷன் டீக்கடையிலிருந்து வந்தான். பெண்டாட்டி மணிக்கட்டில் வில்லையும் நூலுமாக நிற்பதைப் பார்த்து, எனக்கு எங்கே சார் வில்லை என்று கேட்டான். குமாஸ்தா படத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, எங்காவது இருக்கிறானா என்று அவனையே தேடச் சொன்னார். அவன் மூலை முடுக்கெல்லாம் பார்த்தான். மூங்கிலுக்குப் பின்னால்கூட அவன் இல்லை.

ஊர்வலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாரிமேல் ஏறினாலும் என்ஜின் என்ஜின்தானே. ரயில் போனால் முன்னால் ஆள் பச்சைக்கொடி காட்ட வேண்டும் என்று பழைய விதி ஒன்று இருந்ததாம். அதை யாரும் ரத்து செய்யாததால் ஒரு ஆள் லாரிக்கு முன்னால் கொடியோடு நடந்தார். வழியில் வந்த ரயில்வே கேட்டில் நிஜ ரயில் போவதற்காக லாரி நின்றது. அப்போது எந்த ரயில் எந்த ரயிலுக்கு வழிவிட வேண்டும் என்று கூட வந்த துறையின் துணை இயக்குநரும் கேட் காவலாளியும் வெகுநேரம் வாதாடினார்கள். நிஜ ரயில் அதைக் கேட்டுக்கொண்டிருக்காமல் போய்விட்டது. லாரியின் பின்பக்கம் மேசையும் பெட்டியுமாக உட்கார்ந்திருந்த சின்னக்காவை வழிநெடுக ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். யாரோ தேர்தலில் நிற்கிற அம்மா என்று நினைத்திருக்கலாம். காக்கை மட்டும் பாதி தூரம் வரை கூடவே பறந்து வந்து கத்திவிட்டுத் திரும்பிப் போனது.

அருங்காட்சியகத்தில் பளிங்குத் தரை போட்டு, நடுவில் தண்டவாளம் பதித்துத் தயாராக வைத்திருந்தார்கள். அது பெரிய ரயிலின் தண்டவாளம். கிரேனிலிருந்து இறங்கிய குட்டி என்ஜின் ஒரு சக்கரத்தை ஒரு தண்டவாளத்தில் வைத்துக்கொண்டு மறுபக்கத்துச் சக்கரத்தை அந்தரத்தில் தொங்கவிட்டது. உடனே கூட்டம் போட்டார்கள். தண்டவாளத்தை நெருக்கிப் போடலாம் என்று ஒருவர் சொன்னார். தண்டவாளம் திறப்புவிழா முடிந்த பொருள், தொடக்கூடாது என்றார்கள். என்ஜினைக் கொஞ்சம் அகலப்படுத்த முடியுமா என்று துறையின் இயக்குநர் கேட்டார். அதற்கும் ஒரு குழு போட்டார்கள். கடைசியில் அந்தரத்தில் நின்ற சக்கரங்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து, 'என்ஜின் வளைவில் திரும்பும் காட்சி' என்று பலகை எழுதி வைத்தார்கள்.

அதன் பக்கத்தில் தார்ப்பாய், மேசை, பெட்டி, சட்டை. இவற்றோடு சின்னக்கா. காலையில் கதவு திறந்ததிலிருந்து சாயங்காலம் மூடும் வரை காலரைப் பிடித்துச் சட்டையைத் தூக்கியபடி நிற்க வேண்டும். கை வலித்தால் ஆள் இல்லாத நேரம் பார்த்து இறக்கிக்கொள்ளலாம் என்று குமாஸ்தா இரகசியமாகச் சலுகை கொடுத்தார். பெட்டியில் கரி போடக்கூடாது. அரும்பொருளுக்குப் பக்கத்தில் நெருப்பு ஆகாது. தேய்க்கவும் கூடாது. தேய்த்தால் தேய்ந்துபோகும்.

சம்பளம் உண்டா என்று கேட்டாள். பொருள்களுக்குச் சம்பளம் கொடுக்கும் வழக்கம் இல்லை, பராமரிப்புச் செலவு உண்டு என்றார்கள். அது அவளைத் தினமும் இறகுத் துடைப்பத்தால் தூசி தட்டுகிற ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் நல்ல மனிதர். முகத்துக்கு வரும்போது, "கண்ணை மூடிக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் தட்டுவார்.

சாயங்காலம் அவளை வீட்டுக்கு இரவலாகக் கொடுத்தார்கள். புருஷன் பேருந்து பிடித்து வந்து, 'பொருள் எண் பதினெட்டை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டு அழைத்துக்கொண்டு போக வேண்டும். காலையில் அதே நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒருநாள் அவளுக்குத் தடுமன் பிடித்து மூக்கு சிவந்திருந்தது. சேதம் எப்படி ஏற்பட்டது என்று புருஷனை உட்காரவைத்து விசாரித்துவிட்டார்கள்.

"என்னை எத்தனையோ வருஷமா கட்டிக்கிட்டு இருக்கீங்க, ஒருநாளாவது மூக்கைப் பார்த்திருக்கீங்களா? இவங்க பார்க்கறாங்க பாருங்க" என்று அவள் பேருந்தில் அவனைக் குத்திக் காட்டினாள்.

"நான் மட்டும் அன்னிக்கு டீ குடிக்கப் போகலைன்னா ரெண்டு பேரும் மாட்டியிருப்போம். யோசிச்சுப் பாரு. எல்லாம் ஒரு முன்யோசனைதான்" என்றான் அவன். அன்றிலிருந்து டீ குடிக்கப் போவதை அவன் ஒரு தொழில்நுட்பமாகவே பேச ஆரம்பித்துவிட்டான். பகலில் அவளைப் பார்க்க வந்தால் அவனும் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். வாங்கிக்கொண்டு கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, சாதம் வடித்தாயிற்று, தண்ணீர் பிடித்தாயிற்று என்று ஒப்பிப்பான். பொருள்களோடு பேசக்கூடாது என்று காவலர் அதட்டுவார்.

இதெல்லாம் கூடச் சின்னக்கா பொறுத்துக்கொண்டிருப்பாள். அவளை அரித்த கவலை வேறு. அவளுடைய வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக மின்சாரப் பெட்டி வைத்திருந்த புதுக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே நின்றால் திரும்பிப் போவதற்குக் கடை என்று ஒன்று இருக்காது. வேறு பெட்டி வாங்கலாம் என்றால் வருமானம் நின்றுபோயிருந்தது. அவளுடைய பெட்டியோ கைக்கெட்டும் தூரத்தில், பதினாறு என்ற வில்லையோடு, ஜில்லென்று உட்கார்ந்திருந்தது.

போகாமல் இருந்த ஒரே வாடிக்கைக்காரர் கணக்கு வாத்தியார். அவர் சட்டை அங்கே இருந்தது. வாராவாரம் சீட்டு வாங்கிக்கொண்டு அதைப் பார்க்க வந்தார். அதுதான் அவரிடம் இருந்த ஒரே நல்ல சட்டை. கல்யாணம், காரியம் என்று எதற்கும் போக முடியவில்லை என்று சின்னக்காவிடம் முணுமுணுத்துவிட்டு, சட்டை மெலிந்துவிட்டதோ என்பதுபோல் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்துவிட்டுப் போவார்.

ஒருநாள் இயக்குநர் சுற்றிப் பார்க்க வந்தபோது சின்னக்கா துணிந்து கேட்டுவிட்டாள்.

"ஐயா, இந்தப் பட்டியல்லேர்ந்து வெளியே வர வழியே இல்லைங்களா?"

இயக்குநர் மென்மையான மனிதர். பொருள்களிடம்கூடக் கோபமாகப் பேசமாட்டார். "ஒரே வழிதான். நீங்க அசல் இல்லைன்னு தெரிஞ்சா அந்த நிமிஷமே தூக்கி வெளியே போட்டுடுவோம்" என்றார். பிறகு ஆறுதலாக, "பயப்படாதீங்க. உங்களைப் பார்த்தாலே அசல்னு தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என்ஜின் மண்டபத்தைத் திறந்துவைக்க அமைச்சர் வரும் நாளும் வந்தது. இயக்குநர் காலையிலேயே வந்து வில்லைகளைத் தானே சரிபார்த்தார். என்ஜினின் உருளைக்கு அடியில் ஒரு வில்லை திரும்பியிருந்தது. குனிந்து திருப்பினார். என்ஜினுக்குள் பழைய எண்ணெய் இருந்தது. அதுவும் அசல் எண்ணெய் என்பதால் வடிக்காமல் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அது இத்தனை வருஷம் அடக்கிவைத்திருந்ததை எல்லாம் சேர்த்து இயக்குநரின் நெஞ்சில் கொட்டிவிட்டது.

வாசலில் அமைச்சரின் கார் வந்துகொண்டிருப்பதாகத் தகவல். இயக்குநர் தன் சட்டையைப் பார்த்தார். குமாஸ்தாவின் சட்டையைப் பார்த்தார். அது கோடு போட்டது, ஒடிசலான ஆளுக்குத் தைத்தது. கடைசியாக அவர் பார்வை சின்னக்காவின் கையில் தொங்கிய பதினேழின்மேல் வந்து நின்றது. வெகுகாலம் தொங்கியதில் அது கசங்கி, தூசி படிந்து இருந்தது.

அவர் சின்னக்காவின் மேசையைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி வந்தார். இதுவரை எந்த அதிகாரியும் அந்தக் கயிற்றைத் தாண்டியதில்லை.

"அம்மா, அந்தப் பெட்டி சூடாகுமா?"

"கரி போட்டா ஆகும்ங்க. போடக்கூடாதுன்னு..."

"போடுங்க."

கரி என்ஜின் தொட்டியிலேயே இருந்தது. மூட்டை படத்தில் தெரியாததால் அதை யாரும் கவனிக்கவில்லை. சின்னக்கா பெட்டியைத் திறந்து கரி போட்டு, பற்றவைத்து, விசிறினாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தச் சூடு முகத்தில் பட்டது. சட்டையை உதறி, தண்ணீர் தெளித்து, கை, முதுகு, காலர் என்று கடகடவென்று இழுத்தாள். இயக்குநர் அதைப் போட்டுக்கொண்டு பொத்தான் மாட்டி முடிக்கவும் அமைச்சர் உள்ளே வரவும் சரியாக இருந்தது. வில்லையைக் கழற்ற நேரம் இல்லாமல் காலருக்குள் தள்ளிவிட்டுக்கொண்டார்.

கரிப்புகை என்ஜினுக்குப் பின்னாலிருந்து மெல்ல மேலே போனது. என்ஜினைத்தான் கிளப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. இயக்குநர் ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்றார்.

"இந்த என்ஜின் ஓடின காலத்துல இதை யாரும் மதிக்கலை. கரி போட்டாங்க, கல் ஏத்தினாங்க, ஓட்டினாங்க. அவ்வளவு அலட்சியம். நம்ம துறைதான் இதைக் காப்பாத்துச்சு. இனிமே இது ஒருநாளும் ஓடாதுன்னு மாண்புமிகு அமைச்சருக்கு நான் உறுதி குடுக்கறேன். எங்க துறையில ஒரு பொருளைக்கூட நாங்க உபயோகப்பட விட்டதில்லை. ஊழியர்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

பலத்த கைதட்டல். அது அடங்கும் நேரத்தில் கயிற்றோரம் சீட்டும் கையுமாக நின்ற கணக்கு வாத்தியார், வகுப்பில் விடையைத் திருத்துகிற குரலில், "அது என் சட்டை" என்றார்.

அமைச்சர் திரும்பினார். கையில் பட்டியல் படம் இருந்தது. சின்னக்காவின் கையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். படத்தில் சட்டை இருந்தது, கையில் இல்லை. இயக்குநரின் காலருக்குள்ளிருந்து பதினேழு என்ற வில்லை நழுவி வெளியே தொங்கியது. அமைச்சர் ஒன்றும் புரியாமல் மேசையில் சாய்ந்து, பிடிமானத்துக்கு இஸ்திரிப் பெட்டியில் கை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

இப்படிப்பட்ட நேரங்களில்தான் ஒருவர் ஏன் இயக்குநர் ஆனார் என்பது தெரியவரும்.

"இதைக் காட்டத்தான் ஏற்பாடு பண்ணினோம், மாண்புமிகு அமைச்சர் அவர்களே. அசல் அரும்பொருள்னா அது வேலை செய்யாது. என்ஜினைப் பாருங்க, எவ்வளவு அமைதியா நிக்குது. ஆனா இந்தச் சட்டையை உடுத்த முடியுது. இந்தப் பெட்டி சுடுது. அதனால ரெண்டும் போலி. இன்னிக்குக் காலையிலதான் கண்டுபிடிச்சோம்."

அமைச்சர் விரலை ஊதிக்கொண்டே தலையாட்டினார். துறையின் விழிப்பைப் பாராட்ட வேண்டும் என்றார். பிறகு, பெட்டியைச் சூடு பண்ணியது யார் என்று கேட்டார்.

எல்லோரும் சின்னக்காவைப் பார்த்தார்கள். அமைச்சர் முன்னால் பேசிப் பழக்கம் இல்லாதவள். ஆனால் கதவு திறந்திருப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நான்தாங்க. நானும் வேலை செய்வேன்" என்றாள்.

குமாஸ்தா பெருமூச்சு விட்டு, பதினெட்டாம் வில்லையின் நூலை அறுத்தார்.

அன்று மாலையே சின்னக்காவுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். முத்திரை, கையெழுத்து, 'இவர் போலி என உறுதி செய்யப்படுகிறது' என்ற வாசகம் எல்லாம் சரியாக இருந்தன. பெட்டிக்கும் ஒன்று. வாத்தியார் சட்டையை வாங்கிக்கொண்டு சான்றிதழ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போலிகளைக் கண்டுபிடித்ததற்காக இயக்குநருக்குப் பதவி உயர்வு வந்தது. காலியான மேசைக்கு முன்னால், 'பொருள் பராமரிப்பில் உள்ளது' என்ற பலகை தொங்கியது.

சின்னக்கா பழைய இடத்துக்கே திரும்பினாள். வேறு மேசை, வேறு தார்ப்பாய். என்ஜின் இல்லாததால் அந்தப் பக்கத்துக்கும் ஒரு மூங்கில் நட வேண்டியிருந்தது. காக்கை அந்த மூங்கிலின் உச்சியில் வந்து உட்கார்ந்து, கூடு எங்கே என்று அவளைக் கேட்பதுபோல் கத்தியது. சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிக்கவில்லை. அரசாங்க முத்திரையைப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்று, புதுக் கடைக்குப் போனவர்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள். மேசைமேல் துணிமூட்டை பழையபடி ஏறியது.

ஒருநாள் முன்மத்தியானம். வாத்தியாரின் சட்டையைத் தேய்த்து முடித்து, காலரைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் மேசையோரம் உட்கார்ந்து, அன்று தான் டீ குடிக்கப் போன முன்யோசனையைப் பற்றி ஒரு வாடிக்கைக்காரரிடம் எடுத்து விட்டுக்கொண்டிருந்தான். மைதானத்து முனையில் குமாஸ்தா வந்தார். பின்னாலேயே புகைப்படக்காரர், மூன்று கால் கருவியைத் தோளில் சுமந்துகொண்டு.

குமாஸ்தா முகமெல்லாம் சிரிப்பாகக் கும்பிட்டார். ஒன்றும் இல்லை, இது அந்த என்ஜின் நின்ற இடமாம். இடத்தையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மேலிடத்து உத்தரவாம். ஒரே ஒரு படம்.

சின்னக்கா பதறவில்லை. சட்டையைப் புருஷன் கையில் கொடுத்தாள். காலரை எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்று அவன் விரலை எடுத்து வைத்துக் காட்டினாள். இஸ்திரிப் பெட்டியைத் தான் எடுத்துக்கொண்டாள். சட்டத்தோடு சான்றிதழையும் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. நான் ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேன்."

டீக்கடைக்காரர் அவள் கையில் சூடான பெட்டியைப் பார்த்து ஆச்சரியப்பட்டாலும் ஒன்றும் கேட்காமல் டீயை ஆற்றிக் கொடுத்தார். பாதி குடித்திருப்பாள். மைதானத்துப் பக்கமிருந்து, துணிக்குள்ளிருந்து வருகிற அந்தக் குரல் கேட்டது. "அசையாதீங்க சார்."

சின்னக்கா இன்னொரு டீ சொன்னாள்.